பொத்தானை அவங்களே போடட்டும்

அக்கா: சொல்லித் தொலையேன்டா. உள்ள அவர்கிட்ட என்னதான் சொன்னே?

தம்பி: யார்கிட்ட?

அக்கா: யார்கிட்டயா? குழுத் தலைவர்கிட்ட! மத்தவங்களை எல்லாம் வெளிய அனுப்பச் சொல்லி, கதவைச் சாத்திக்கிட்டு, நீயும் அவரும் மட்டும் பேசினீங்களே... அது.

தம்பி: ஓ... அதுவா?

அக்கா: அதேதான்.

தம்பி: அது ஒண்ணுமில்லைக்கா.

அக்கா: ஒண்ணுமில்லாததுக்கா அந்த மனுஷன் முகமெல்லாம் மாறி வெளிய வந்தார்? "நான் ஓட்டுப் போடலை, நீங்களே முடிவு பண்ணிக்கோங்க"ன்னு மத்தவங்ககிட்ட சொல்லிட்டு, நேரா அவர் ரூமுக்குப் போயிட்டார். தெரியுமா உனக்கு?

தம்பி: ...தெரியும்.

அக்கா: தெரியுமா!

தம்பி: மெதுவாக்கா. வராந்தா பூரா எதிரொலிக்குது.

அக்கா: எதிரொலிக்கட்டும். நம்ம பக்கம் நிச்சயமா கை தூக்கற ஒரே ஆள் அவர்தான்டா. இந்த மருந்தை மூடக் கூடாதுன்னு ஆரம்பத்துலேருந்து ஒத்தையா சண்டை போட்டவர். அவரையே எழுப்பி அனுப்பிட்டு வந்து நிக்கறே. கையில காபி வேற.

தம்பி: உனக்கும் ஒண்ணு வாங்கியிருக்கேன். சக்கரை கம்மி.

அக்கா: காபி யாருக்குடா வேணும் இப்ப?

தம்பி: அப்ப ரெண்டையும் நானே குடிச்சிடறேன்.

அக்கா: ...குடு இங்க.

தம்பி: சூடு. பார்த்து.

அக்கா: உள்ள என்ன நடக்குதுன்னு புரியுதா உனக்கு? முதல்ல, என் மருந்துக்கு இன்னொரு சோதனை உண்டா இல்லையான்னு கை தூக்குவாங்க. உண்டுன்னா, அதை நடத்தற டாக்டர் நீயா இல்லையான்னு கை தூக்குவாங்க. முதல்லயே இல்லைன்னு சொல்லிட்டா உனக்கு ஒண்ணுமில்லை, திரும்பி உன் ஆஸ்பத்திரி வார்டுக்குப் போயிடுவே. நான் எங்கடா போவேன்? படிப்பு முடிச்சதுலேருந்து இந்த ஒரே மருந்துதான் எனக்கு.

தம்பி: எலி டாக்டரம்மா, கொஞ்சம்...

அக்கா: எலி டாக்டர்னே, இந்தக் காபி உன் தலையில.

தம்பி: சரி. ஆராய்ச்சி மேதை அவர்களே. நீங்க உள்ளயே உக்காந்திருக்கலாமே?

அக்கா: எப்படி உக்காருவேன்? மருந்து என்னோடது, வேலை கேட்டு வந்திருக்கறவன் என் தம்பி. ரெண்டையும் முதல்லயே சொல்லிட்டு விலகிட்டேன். அதான் சொந்த ஆபீஸ்லயே வெளிய பெஞ்சுல உக்காந்திருக்கேன், ரிசல்ட்டுக்குக் காத்திருக்கற பத்தாம் கிளாஸ் பிள்ளை மாதிரி.

தம்பி: நகத்தையும் கடிச்சுக்கிட்டு.

அக்கா: பேச்சை மாத்தாதே. அவர்கிட்ட என்ன சொன்னே?

தம்பி: வேற எது வேணா கேளு, சொல்றேன்.

அக்கா: சரி. முதல்லேருந்து சொல்லு. உள்ள போனதும் என்ன கேட்டாங்க?

தம்பி: அந்தத் தடிமனான கண்ணாடி போட்டவர்தான் ஆரம்பிச்சார். என் விண்ணப்பத்தை இந்தப் பக்கம் திருப்பினார், அந்தப் பக்கம் திருப்பினார். "எத்தனை கட்டுரை வெளியிட்டிருக்கீங்க?"ன்னார். ஒண்ணுமில்லைன்னேன்.

அக்கா: பட்டுனு அப்படியேவா சொன்னே?

தம்பி: பின்ன? இருந்தா சொல்ல மாட்டேனா? அப்புறம் அவர், "படிப்பு முடிச்சதுக்கும் இப்பத்துக்கும் நடுவுல பெரிய இடைவெளி இருக்கே"ன்னார். எனக்குச் சுர்ருனு ஏறிடுச்சு. "சார், அது இடைவெளி இல்லை, வார்டு. இடைவெளியா இருந்திருந்தா கொஞ்சமாவது தூங்கியிருப்பேன்"னேன்.

அக்கா: ஐயோ... சிரிச்சாங்களா, முறைச்சாங்களா?

தம்பி: ஓரத்துல உக்காந்திருந்த அம்மா சிரிச்சாங்க. கண்ணாடிக்காரர் முறைச்சார்.

அக்கா: அவர் அப்படித்தான். அச்சுல வராத எதையும் நம்ப மாட்டார். மழை பெய்யுதுன்னு சொன்னாக்கூட யார் எழுதினதுன்னு கேப்பார்.

தம்பி: நீ மட்டும் என்னவாம்? வார்டுல சேர்ந்த நாள்லேருந்து நீயும் இதையேதானே சொன்னே. "தினம் அதே நாடி, அதே மாத்திரை, மூளை துருப்பிடிச்சுப் போயிடும்டா"ன்னு.

அக்கா: சொன்னேன். இப்ப யார் இல்லைன்னா? பொத்தான் விஷயத்துக்கப்புறம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கேனா?

தம்பி: இல்லை. நடுவுல ஒரு தடவை "பரவாயில்லையே"ன்னு கூட சொன்னே. தேதி போட்டு வச்சிருக்கேன்.

அக்கா: போடா. பொத்தான் விஷயத்தை உள்ள சொன்னியா?

தம்பி: சொன்னேன்.

அக்கா: ஒழுங்கா சொன்னியா? உனக்குக் கோர்வையாப் பேச வராதே. எங்க, அவங்களுக்குச் சொன்ன மாதிரியே சொல்லு.

தம்பி: இப்பவா?

அக்கா: இப்பத்தான். உள்ள கதவு திறக்கற வரைக்கும் வேற என்ன வேலை?

தம்பி: சரி. "இது விரல் மூட்டு இறுகிப்போற நோய். புது மருந்தைப் பாதிப் பேருக்குக் குடுத்தாங்க, பாதிப் பேருக்கு அதே மாதிரி இருக்கற வெறும் மாத்திரை. யாருக்கு எதுன்னு நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. வர்றப்பல்லாம் ஒரு மெஷினைக் கையில குடுத்து, அழுத்திப் பிடிங்கன்னு சொல்லி அளந்தாங்க. முடிவுல ரெண்டு கூட்டத்துக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. அதனால மருந்து தோத்துப் போச்சுன்னு எழுதிட்டாங்க."

அக்கா: அந்த இடத்துல குரலைக் கொஞ்சம் இறக்கினியா?

தம்பி: நாடகமாக்கா நடத்தறேன்? "கடைசி வருகைக்கு நோயாளிங்க வர்ற சமயத்துல இங்க இருந்த டாக்டருக்கு உடம்பு சரியில்லை. நான் ஆஸ்பத்திரில லீவு போட்டுட்டு மாத்து ஆளா வந்தேன். வந்து பார்த்தா, இங்க நோயாளிகளுக்கு ஒரு மரியாதை... மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்து இறங்கின மாதிரி. கதவைத் திறந்து விடறாங்க. பையை வாங்கிக்கறாங்க. தண்ணி பாட்டிலைத் திறந்து குடுக்கறாங்க. ரத்த அழுத்தம் பார்க்கறதுக்கு முன்னாடி முழுக்கைச் சட்டைப் பொத்தானைக்கூட அவங்களே கழட்டி, மடிச்சு விட்டு..."

அக்கா: என் பேரைச் சொல்லலையே?

தம்பி: "இப்படி ஒரு உத்தரவு போட்ட புண்ணியவதி யாருன்னு நான் சொல்ல மாட்டேன்"னேன்.

அக்கா: அடப்பாவி! எல்லாருக்கும் தெரியுமேடா, நான்தான்னு!

தம்பி: அதான் எல்லாரும் சிரிச்சாங்க. இந்த முறை கண்ணாடிக்காரரும்.

அக்கா: நல்லதுக்குத்தான் சொன்னேன். நமக்காக வந்து ஊசி குத்திக்கறாங்க, பாவம், ஒரு வேலையும் செய்ய விடாதீங்கன்னு.

தம்பி: அங்கதான் மாட்டிக்கிட்டே. விரல் நோய்க்கு மருந்து குடுத்துட்டு, விரலுக்கு ஒரு வேலையும் குடுக்கலைன்னா எப்படித் தெரியும்? எங்க வார்டுல நிக்கறதுக்கே இடமில்லை. உதவிக்கு ஆள் எங்கேருந்து வரும்? "நீங்களே சட்டையைக் கழட்டுங்க"ன்னு சொல்லிட்டுப் பார்த்துக்கிட்டே நிப்போம். சட்டையைக் கழட்டி முடிக்கறதுக்குள்ள பாதி நோய் கண்ணுல பட்டுடும். எந்தத் தோள் தூக்க வரலை, எந்த விரல் ஒதுங்கி நிக்குது, எப்ப மூச்சு வாங்குது... எல்லாம்.

அக்கா: இதை உள்ள சொன்னியா?

தம்பி: இதைத்தான் முக்கியமா சொன்னேன். கண்ணாடிக்காரர் எழுதிக்கிட்டார்.

அக்கா: எழுதிக்கிட்டாரா!

தம்பி: அப்புறம் இங்க இருந்தவங்ககிட்ட, "யாரும் தொடாதீங்க, கையைக் கட்டிக்கிட்டு நில்லுங்க. பொத்தானை அவங்களே கழட்டட்டும், அவங்களே போடட்டும்"னேன். உங்க சீனியர் நர்ஸ் என்னைப் பார்த்த பார்வை இருக்கே...

அக்கா: என்கிட்ட வந்து புகார் சொன்னாங்கடா. "மேடம், உங்க தம்பிக்கு நெஞ்சுல ஈரமே இல்லை"ன்னு.

தம்பி: அப்ப உள்ள வந்தாங்க, சோதனைல இருந்த அந்தப் பாட்டு டீச்சரம்மா, மகளோட. நான் முழுக்கை ஜாக்கெட்டோட கைப் பொத்தானைக் கழட்டுங்கன்னதும், மக ஓடி வந்து பொத்தான் மேல கை வச்சா. நான் வேண்டாம்னேன். அம்மா தடவித் தடவி... கழட்டிட்டாங்க. பரிசோதனை முடிஞ்சதும் திரும்பப் போட ஆரம்பிச்சாங்க. முதல் பொத்தான் போட்டாங்க. அப்படியே நின்னுட்டாங்க. தன் கையையே பார்த்தாங்க. மக மறுபடியும் ஓடி வந்தா. கையைத் தட்டி விட்டுட்டு, "விடுடீ... நானே போட்டுக்கறேன்"னாங்க.

அக்கா: இதை எத்தனை தடவை கேட்டாலும் எனக்கு...

தம்பி: அழுதுடாதே. மை அழியும்.

அக்கா: வீட்டுல யாருக்குமே தெரியாதாடா, அவங்க கை சரியானது?

தம்பி: அவங்களுக்கே தெரியலையேக்கா. தினமும் மக போட்டு விடறா, அம்மா நின்னுக்கிட்டு இருக்காங்க. பழகிப்போச்சு. கை மாறினது யார் கண்ணுலயும் படலை. மெஷினுக்கும் தெரியலை. அது பலத்தைத்தான் அளக்கும். பொத்தானுக்குப் பலம் எதுக்கு? விரல் மடங்கினாப் போதும்.

அக்கா: அப்புறம் நீ ரெண்டு கூட்டமாப் பிரிச்சதைச் சொன்னியா?

தம்பி: அதைச் சொல்லாமலா? யாருக்கு எந்த மாத்திரைன்னு தெரியாமலே, வந்தவங்க எல்லாரையும் பொத்தான் போட வச்சுப் பார்த்து, இவங்களுக்கு மருந்து, இவங்களுக்கு வெறும் மாத்திரைன்னு பிரிச்சு எழுதினேன். அதைக் கவருக்குள்ள வச்சு ஒட்டிட்டு, சோதனை முடிஞ்சதும், யாருக்கு எதுன்னு இருந்த ரகசியக் குறியீட்டை உடைச்சுப் பார்த்தா...

அக்கா: நம்ம புள்ளிவிவரக்காரன் நாற்காலியை விட்டு எழுந்துட்டான்! தசமம், தசமம்னு எல்லாரும் அவனைக் கிண்டல் பண்ணுவாங்க. புள்ளிக்கு அந்தப் பக்கம் உள்ள எண்ணுக்குத்தான் அவன் முகத்துல சிரிப்பே வரும். அவன் வாயாலயே, "இது எப்படி?"ன்னு கேட்டான்டா! ஒண்ணு ரெண்டு பேரைத் தவிர அத்தனையும் சரி.

தம்பி: அப்ப நீ என்ன சொன்னே?

அக்கா: இது நிரூபணம் இல்லை, துப்புதான்னேன். இப்பவும் அதையேதான் சொல்வேன். நீ முடிஞ்சு போன சோதனைல கடைசியாப் பார்த்ததை வச்சு மருந்து வேலை செய்யுதுன்னு கூவ முடியாது. புதுசா, முதல்லேருந்து, பொத்தானை ஒழுங்கான அளவுகோலா வச்சு இன்னொரு சோதனை பண்ணணும்.

தம்பி: அதைத்தான் நானும் உள்ள சொன்னேன். "துப்பு என்னுது, அதை நிரூபணமாக்கறது எங்க அக்கா வேலை. வார்டு இல்லாம அவங்களுக்கு இது கண்ணுல பட்டிருக்காது, அவங்க இல்லாம எனக்கு இதை வச்சு என்ன பண்றதுன்னு தெரிஞ்சிருக்காது"ன்னு.

அக்கா: ...அப்படியா சொன்னே?

தம்பி: ஆமா.

அக்கா: நல்லாத்தான்டா பேசியிருக்கே. இவ்வளவு நல்லாப் பேசிட்டு, கடைசியில அந்த மனுஷன்கிட்ட என்ன சொல்லித் தொலைச்சே?

தம்பி: மறுபடியுமா!

அக்கா: "கடைசியா எங்ககிட்ட எதாவது கேக்கணுமா?"ன்னு வழக்கமாக் கேக்கற கேள்விதானேடா அது? எல்லாரும் என்ன செய்வாங்க? சம்பளம் கேப்பாங்க, லீவு கேப்பாங்க, இல்லை ஒண்ணுமில்லைன்னு கும்பிடு போட்டுட்டு வருவாங்க. நீ மட்டும் தலைவர்கிட்ட தனியாப் பேசணும்னு கேட்டிருக்கே.

தம்பி: உனக்கு இவ்வளவும் யார் சொன்னா?

அக்கா: சுவருக்குக் காது இருக்கு. அவரைத் திட்டினியா?

தம்பி: இல்லை.

அக்கா: மருந்தைப் பத்தி எதாவது குறை சொன்னியா?

தம்பி: இல்லை.

அக்கா: என்னைப் பத்தியா?

தம்பி: இல்லை.

அக்கா: அவருக்கும் உனக்கும் முன்னாடியே பழக்கமா?

தம்பி: இல்லை. அக்கா, நீ இப்படி வரிசையாக் கேட்டுக்கிட்டே போ. நான் எல்லாத்துக்கும் இல்லைன்னே சொல்லிக்கிட்டே வருவேன். அதுல ஒண்ணு நிஜமா இருந்தாலும் இல்லைன்னுதான் சொல்வேன். முகத்துலயும் ஒண்ணும் தெரியாது. இது வார்டுல பழகின முகம்.

அக்கா: அம்மாகிட்ட சொல்லிடுவேன்டா.

தம்பி: என்னத்தை?

அக்கா: அப்பாவோட ரேடியோவை உடைச்சது பூனை இல்லைன்னு.

தம்பி: சொல்லிக்கோ. அம்மாவுக்கு அன்னிக்கே தெரியும். நம்ம வீட்டுல பூனையே கிடையாது.

அக்கா: டேய்... உனக்குப் பல் தேச்சு விட்டவடா நான்.

தம்பி: அதான் என் பல்லு இந்த லட்சணத்துல இருக்கு.

அக்கா: சிரிக்காதே. நான் விளையாடலை. உள்ள இருக்கறவங்க மருந்தை மூடிட்டாங்கன்னு வை. அந்தக் கதவு திறந்து, "மன்னிக்கணும் மேடம்"னு ஒருத்தர் வந்து நின்னா... அது எதனாலன்னு தெரியாமலே நான் வீட்டுக்குப் போகணுமா?

தம்பி: ...ஆமாக்கா.

அக்கா: உனக்கு இந்த வேலை கிடைக்காம போனாலுமா?

தம்பி: போனாலும்.

அக்கா: என்கிட்ட கூடவா?

தம்பி: உன்கிட்ட கூட.

அக்கா: சரி. பேசாதே. என்கிட்ட பேசவே பேசாதே.

தம்பி: அக்கா... இங்க பாரு. அழாதேக்கா. எனக்கு மட்டும் இந்த வேலை வேண்டாமா? ஆனா நான் அங்க சொன்னது என்னோட விஷயம் இல்லை. இன்னொருத்தரோடது. என்னோடதா இருந்தா நீ கேக்கறதுக்கு முன்னாடியே கொட்டியிருப்பேன். உனக்குத் தெரியும் அது.

அக்கா: ...தெரியும்.

தம்பி: அப்ப கேக்காதே.

அக்கா: கேக்கலை.

தம்பி: கதவு... அக்கா, தலைவர் ரூம் கதவு திறக்குது. எழுந்திரு.

தலைவர்: உக்காருங்க, உக்காருங்க. எதுக்கு எழுந்திருக்கறீங்க? நான் என்ன மந்திரியா? என்னம்மா... கேட்டீங்களா?

அக்கா: கேட்டேன் சார்.

தலைவர்: நல்லாக் கேட்டீங்களா?

அக்கா: கெஞ்சினேன், மிரட்டினேன், அம்மாவை இழுத்தேன், கடைசியா அழுதும் பார்த்தேன். அழுகை பாதி நிஜம் சார்.

தலைவர்: என்ன சொன்னார்?

அக்கா: ஒரு வார்த்தை வரலை சார். கல்லு மாதிரி உக்காந்திருக்கான்.

தம்பி: ஒரு நிமிஷம்... அக்கா! நீ வேணும்னேதான் கேட்டியா?

அக்கா: முறைக்காதேடா. சார்தான் ரூமுக்குப் போறப்ப கேக்கச் சொன்னார். உள்ள நடந்தது என்னன்னு எனக்குச் சத்தியமா இப்பவும் தெரியாது.

தலைவர்: அவங்களைக் கோவிச்சுக்காதீங்க தம்பி. குழுவோட வேலை உள்ள முடிஞ்சு போச்சு. இது நான் எனக்காகக் கேட்டுக்கிட்டது. நோயாளிங்க நம்மகிட்ட வந்து, பெத்த பிள்ளைகிட்ட காட்டாததை எல்லாம் காட்டப் போறாங்க. கண்ணு இருக்கற ஆள்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. வாயை மூடத் தெரிஞ்ச ஆளான்னும் தெரியணும் இல்லையா? அதுக்கு சொந்த அக்காவை விடப் பெரிய பரீட்சை கிடையாது. எனக்கும் ஒரு அக்கா இருந்தாங்க.

அக்கா: சார்... குழுவோட வேலை முடிஞ்சு போச்சுன்னீங்களே...

தலைவர்: முடிஞ்சது. நான் ஓட்டுப் போடலை. மத்தவங்க அத்தனை பேரும் கை தூக்கிட்டாங்களாம், இப்பத்தான் போன்ல சொன்னாங்க. நம்ம கண்ணாடிக்காரர் ரெண்டு கையையும் தூக்கிட்டார், ஒரு கை போதும்னு சொல்ல வேண்டியதாப் போச்சாம்.

அக்கா: எதுக்கு சார் கை தூக்கினாங்க? மருந்துக்கா, இவனுக்கா?

தலைவர்: ரெண்டுக்கும்மா! உங்க மருந்துக்குப் புதுச் சோதனை, பெரிசா, முதல்லேருந்து. நடத்தப் போற டாக்டர் உங்க தம்பி. யாரும் கதவைத் திறந்து விடக் கூடாது, பாட்டிலைத் திறந்து குடுக்கக் கூடாது. பொத்தானுக்கு ஒழுங்கான அளவுகோல் ஒண்ணு பண்ணணும். அதுக்குப் பொறுப்பு யார் தெரியுமா? கண்ணாடிக்காரர்தான். அவரே கேட்டு வாங்கிக்கிட்டார்.

அக்கா: டேய்! டேய்ய்ய்!

தம்பி: அக்கா, காபி... காபி கொட்டுது...

அக்கா: கொட்டட்டும்டா! ஜெயிச்சுட்டோம்டா! அம்மாவுக்கு போன் போடு!

தம்பி: போட்டு என்னன்னு சொல்ல?

அக்கா: உங்க பிள்ளை வார்டுல கிடந்து வீணாப் போகலைன்னு சொல்லு. இல்லை, குடு, நானே சொல்றேன். நான் சொன்னாத்தான் நம்புவாங்க. இத்தனை வருஷமா வீணாப் போறான்னு சொன்னதும் நான்தானே!

தம்பி: சார்... நன்றி சார்.

தலைவர்: எனக்கு எதுக்கு? நான்தான் கையே தூக்கலையே.

அக்கா: சார், இப்பவாவது சொல்லுங்க. எனக்குத் தலை வெடிச்சுடும். இவன் உங்ககிட்ட அப்படி என்னதான் சொன்னான்?

தம்பி: வேண்டாம் சார். நீங்க சொல்லணும்னு ஒரு கட்டாயமும் இல்லை.

தலைவர்: என்னோட விஷயம்தானே தம்பி, நான் சொல்லிக்கறேன். அம்மா... இவர் உள்ள வந்ததுலேருந்து நான் கோட்டுப் பையிலேருந்து கையை எடுக்கவே இல்லை. ரொம்ப நாளா அப்படித்தான். பெரிய மனுஷன் தோரணைன்னு எல்லாரும் நினைச்சுக்கிட்டாங்க, நானும் விட்டுட்டேன். கதவைச் சாத்தினதும் இவர் பக்கத்துல வந்து மெதுவாக் கேட்டார்: "சார், விரல் எப்பலேருந்து மடங்கலை?" நான் கையைப் பைக்குள்ள இன்னும் உள்ள தள்ளிக்கறேன், அடுத்ததைச் சொல்றார்: "இந்த மருந்து நாளைக்கு உங்களுக்கே தேவைப்படலாம். அதனால இதுக்கு நீங்க ஓட்டுப் போடறது முறையில்லை சார். நீங்க எங்க பக்கம்னு எனக்குத் தெரியும்... எங்க அக்கா என்னைக் கொன்னே போட்டுடுவா... ஆனாலும் போடாதீங்க."